தண்ணீர் டியூபிலும் பேண்ட் வந்தால்: எச்பிவி பிசிஆர், முதல் தடவை செய்பவர்களுக்கு

பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பிரதியெடுத்துக் கண்டுபிடிக்கும் முறை; எச்பிவி என்றால் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். நானாக முதலில் ஓட்டிய எச்பிவி பிசிஆரில் எட்டு மாதிரிகள். பிரதிகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லை யுவி வெளிச்சத்தில் வைத்ததும் எட்டுக் குழியிலும் 450 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று பேண்ட், அதாவது ஒளிரும் பட்டை. சந்தோஷம் அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை, ஏனென்றால் ஒன்பதாவது குழியிலும் அதே பேண்ட் இருந்தது, அதில் நான் போட்டது வெறும் தண்ணீர். தண்ணீருக்கு எச்பிவி வராது. அத்தனையும் குப்பைக்குப் போயிற்று, காரணத்தைத் தேடியே இரண்டு வாரம் ஓடியது. அதனால் இந்தப் பதிவில் மெஷினைப் பற்றிக் குறைவாகவும் மற்றதைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. எச்பிவி என்பது கிட்டத்தட்ட 8,000 பேஸ் ஜோடி நீளமுள்ள, வளையமான டிஎன்ஏ கொண்ட வைரஸ். 200க்கு மேல் வகைகள் இருக்கின்றன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். சாதாரண செல் வளர்ப்பில் இது வளராது, ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்தும் இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்ல முடியாது, ஆகவே டிஎன்ஏவைத் தேடித்தான் ஆக வேண்டும். ஹாரால்ட் சூர் ஹௌசன் குழு வகை 16ஐ அறிவித்ததும் 1983, கேரி முல்லிஸுக்கு பிசிஆர் யோசனை வந்ததும் 1983. வேடிக்கையான பொருத்தம்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: இடத்தைப் பிரியுங்கள்

பிசிஆரில் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஎன்ஏ இரட்டிக்கும். 40 சுற்றில், கணக்குப்படி, ஒரு டிஎன்ஏ மூலக்கூறு ஒரு லட்சம் கோடியாகப் பெருகலாம். நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் வருவதே போதும்: முடிந்த டியூபைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளி ஒன்று பறந்து பைப்பெட்டில் ஒட்டினால் அடுத்த வாரம் எல்லோருக்கும் பாசிட்டிவ். என் கதை அதுதான், ஜெல்லில் ஏற்றிய அதே பைப்பெட்டால் மாஸ்டர் மிக்ஸ் (மாதிரி டிஎன்ஏ தவிர மற்ற எல்லாம் சேர்ந்த கலவை) கலந்திருந்தேன். எனவே மிக்ஸ் கலக்க ஓர் இடம், டிஎன்ஏ சேர்க்க இன்னோர் இடம், ஜெல் ஓட்ட மூன்றாவது இடம், ஒவ்வொன்றுக்கும் தனி பைப்பெட், தனி கோட். ஜெல் அறைக்குப் போனவர் அன்றைக்கு மிக்ஸ் அறைக்குத் திரும்பக் கூடாது. மூன்று அறை இல்லையா? மேசையின் இரண்டு முனைகளாவது இருக்கட்டும், ஃபில்டர் உள்ள டிப் மட்டும் வாங்குங்கள். அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

படி 2: மாதிரி

டாக்டரோ நர்ஸோ பிரஷ்ஷால் கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துத் திரவத்தில் போட்டுத் தருவார்கள். ஒப்புதல் படிவமும் நெறிமுறைக் குழு அனுமதியும் இல்லாமல் டியூபைத் தொடாதீர்கள். மாதிரி சிவப்பாக இருந்தால் குறித்து வையுங்கள், ரத்தத்தில் உள்ள ஹீம், டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் டாக் நொதியை வேலை செய்ய விடாது. சில திரவங்களில் மெத்தனால் இருக்கும், அது மிச்சமிருந்தாலும் இதே தொல்லைதான்.

படி 3: டிஎன்ஏவைப் பிரித்தல்

டியூபை நன்றாகக் குலுக்கி, 1 மில்லி எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்த செல்களை பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் ஒரு முறை கழுவுங்கள். பிறகு செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரும், புரதத்தைச் சிதைக்கும் புரோட்டீனேஸ் கே நொதியும் சேர்த்து 56 டிகிரியில் செல்கள் முழுக்கக் கரையும்வரை வையுங்கள். டிஎன்ஏவை ஒரு சிறு குழாயின் வடிகட்டியில் பிடித்துக் கழுவும் காலம் (column) கிட் அல்லது அது இல்லாத எளிய முறை, எது வேண்டுமானாலும் சரி. எளிய முறை என்றால் கடைசியில் 95 டிகிரியில் 10 நிமிடம் வைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் உயிரோடு இருக்கும் புரோட்டீனேஸ் கே, பிசிஆரில் டாக் நொதியையே தின்றுவிடும். மாதிரிகளோடு சேர்த்து ஒரு டியூபில் வெறும் பஃபரையும் இதே வழியில் கொண்டுபோங்கள், அதுதான் பிரித்தெடுப்பு பிளாங்க்.

படி 4: முதலில் பீட்டா குளோபின்

புதியவர்கள் தாண்டிப் போகிற படி இது. எச்பிவி பேண்ட் வரவில்லை என்றால் வைரஸ் இல்லை என்றும் அர்த்தம், பிரஷ்ஷில் செல்லே வரவில்லை என்றும் அர்த்தம், ஹீம் தடுத்துவிட்டது என்றும் அர்த்தம். எது என்று எப்படித் தெரியும்? நியூக்ளியஸ் உள்ள மனித செல் எதிலும் இருக்கும் பீட்டா குளோபின் ஜீனை பிசி04, ஜிஎச்20 பிரைமர்களால் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் சிறு டிஎன்ஏக்கள்) பெருக்கிப் பாருங்கள், 268 பேஸ் பேண்ட் வர வேண்டும். வராத மாதிரியை 10 மடங்கு நீர்த்துத் திரும்ப ஓட்டுங்கள், பல நேரம் தடுப்பு விலகி பேண்ட் வந்துவிடும். அப்போதும் வரவில்லை என்றால் அந்த மாதிரிக்கு "நெகட்டிவ்" என்று எழுதாதீர்கள். "மாதிரி சரியில்லை" என்று எழுதுங்கள்.

படி 5: எச்பிவி மிக்ஸ்

நாம் குறிவைப்பது எல்1 ஜீன், வைரஸின் மேலோட்டுப் புரதத்துக்கானது. வகைக்கு வகை அது மாறினாலும் சில துண்டுகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், அங்கேதான் எம்ஒய்09, எம்ஒய்11 பிரைமர்கள் உட்காரும். இவை ஒற்றைப் பிரைமர் அல்ல, சில இடங்களில் எழுத்து மாறிய பிரைமர்களின் கலவை, அதனால்தான் ஒரே டியூபில் பல வகைகளைப் பிடிக்கிறது.

ஒரு டியூபுக்கு: டாக் நொதி சேர்ந்த, தயாராக வாங்கும் இரட்டைச் செறிவு மிக்ஸ் 12.5 மைக்ரோலிட்டர், 10 மைக்ரோமோலார் பிரைமர் ஒவ்வொன்றிலும் 1, தண்ணீர் 5.5, டிஎன்ஏ 5. மொத்தம் 25. எட்டு மாதிரி, தண்ணீர் பிளாங்க், பிரித்தெடுப்பு பிளாங்க், பாசிட்டிவ் கன்ட்ரோல் (பேண்ட் கட்டாயம் வர வேண்டிய, எச்பிவி உள்ள டிஎன்ஏ) என்றால் 11 டியூப். 12க்குக் கலக்குங்கள், பைப்பெட்டில் ஒட்டிக்கொண்டு எப்போதும் கொஞ்சம் குறையும். அப்படியானால் மிக்ஸ் 150, பிரைமர் தலா 12, தண்ணீர் 66. டியூபுக்கு 20 பிரித்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போய் டிஎன்ஏ சேர்த்து, பாசிட்டிவ் கன்ட்ரோலைக் கடைசியில் திறங்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு நான் சிஹா செல்லின் டிஎன்ஏதான் வைப்பேன், அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கும் செல். அதில் ஒரு செல்லுக்கு ஒன்றிரண்டு எச்பிவி 16 பிரதிதான் உண்டு. அதே மாதிரி இன்னொரு செல்லான காஸ்கியில் நூற்றுக்கணக்கில் இருப்பதால் பேண்ட் கண்ணைப் பறிக்கும், ஆனால் பிசிஆர் பாதி பழுதாக இருந்தாலும் அது வந்துவிடும், சிந்தினால் அதுவே பெரிய மாசு.

படி 6: மெஷின்

95 டிகிரி 5 நிமிடம். பிறகு 95, 55, 72 டிகிரிகளில் தலா ஒரு நிமிடம், 40 சுற்று. கடைசியில் 72ல் 5 நிமிடம். டீ குடித்துவிட்டு வாருங்கள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரமாகும்.

படி 7: ஜெல்

2 சதவீத அகரோஸ், பக்கத்தில் 100 பேஸ் லேடர் (நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகள், இதுதான் அளவுகோல்). டிஎன்ஏவை ஒளிரவைக்க எத்திடியம் புரோமைடு பயன்படுத்தினால் கையுறை கட்டாயம், அதே கையுறையோடு கதவுப் பிடியைத் தொடக் கூடாது. லேடர் இல்லாமல் "450 மாதிரிதான் தெரிகிறது" என்பவர்களோடு நான் வாதம் செய்வதில்லை.

கன்ட்ரோல்களை முதலில் பாருங்கள், மாதிரிகளை அப்புறம். தண்ணீரில் பேண்ட் வந்தால் அந்த ஓட்டமே செல்லாது, மங்கலாக இருந்தாலும் செல்லாது. தண்ணீர் சுத்தம், பிரித்தெடுப்பு பிளாங்க்கில் மட்டும் பேண்ட் என்றால் மாசு படி 3ல் புகுந்திருக்கிறது. சிஹா வரவில்லை என்றால் மிக்ஸில் ஏதோ விட்டுப்போயிற்று. மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் மற்ற குழிகளைப் படிக்க உரிமை: குளோபின் வந்து 450ம் வந்தால் எச்பிவி இருக்கிறது, குளோபின் வந்து 450 வராவிட்டால் இந்த முறைக்கு எட்டும் அளவில் இல்லை.

"இந்த முறைக்கு எட்டும் அளவில்" என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. புற்றுநோயாக முற்றும்போது வைரஸ் டிஎன்ஏ மனிதக் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்ளும், அப்போது சில நேரம் எல்1 பகுதி தொலைந்துபோகும். ஈ6, ஈ7 ஜீன்கள் மிஞ்சும், அவைதான் செல்லைக் கெடுப்பவை. அதனால் சில சோதனைகள் அவற்றையே குறிவைக்கின்றன.

450 பேண்ட் எந்த வகை என்றும் சொல்லாது. மருவை உண்டாக்கும் 6, 11 வகைகளும் அதே இடத்தில்தான் நிற்கும். வகை தெரிய 16க்கும் 18க்கும் தனிப் பிரைமர் போட வேண்டும், இல்லையென்றால் பேண்டை வெட்டி, எழுத்து வரிசையைப் படிக்கும் சீக்வென்ஸிங்குக்கு அனுப்ப வேண்டும். அதுவரை இந்த ஜெல் படத்தை எந்தப் பெண்ணின் மருத்துவ அறிக்கையிலும் ஒட்டாதீர்கள், அதற்கு அங்கீகரித்த கிட்டுகள் தனியாக இருக்கின்றன. மிச்ச டிஎன்ஏவைச் சிறு சிறு டியூப்களாகப் பிரித்து மைனஸ் 20ல் வையுங்கள். பிசிஆர் முடிந்த டியூப்களை மட்டும் அந்த ஃபிரீஸரில் வைக்காதீர்கள்.