கல்லூரிக்கு முன், அம்மா சுமக்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்

என் மகனுக்கு ஏடிஎச்டியும் (கவனத்தை ஒருமுகப்படுத்துவதும் வேலையைத் திட்டமிட்டுத் தொடங்குவதும் கடினமாகும் நிலை) ஆட்டிசமும் உண்டு. படிப்பில் கெட்டிக்காரன். இப்படிப்பட்ட பிள்ளைகள் கல்லூரியில் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தால் அல்ல, பாடத்தைச் சுற்றியுள்ள வேலைகளால். எந்த அறையில் வகுப்பு, எதை என்று கொடுக்கணும், மருந்து மிச்சம் இருக்கிறதா, சாப்பிட்டாயிற்றா? பள்ளி முடியும்வரை இதையெல்லாம் நாம்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஓராண்டுக்கு முன்பே, ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு மாற்றத் தொடங்குங்கள்.

முதலில் காலையில் எழுவது. பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாகத் தள்ளிப்போகும். ஏடிஎச்டி இருந்தால் பலருக்கு இன்னும் தள்ளும். ஆகவே சோம்பேறி என்று திட்டாதீர்கள். கை எட்டாத இடத்தில் அலாரம் வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் எழுப்புவதை நிறுத்துங்கள். அப்புறம் மருந்து. வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை அவனே நிரப்பட்டும், மருத்துவரிடம் அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

அசைன்மென்ட்தான் பெரிய சிக்கல். மூன்று வாரம் கழித்து முடிக்க வேண்டியது இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. நாட்காட்டியில் ‘புராஜெக்ட்’ என்று எழுதி வைத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாது. என் மகன் அப்படி எழுதிய வரியை வாரக்கணக்கில் தொடவில்லை. அதை அடித்துவிட்டு, ‘செவ்வாய் மாலை: கோப்பைத் திற, தலைப்பை மட்டும் டைப் செய்’ என்று எழுதினோம். அன்றே உட்கார்ந்துவிட்டான். அடுத்த வரி, ‘வியாழன்: முதல் பத்தி, மோசமாக இருந்தாலும் சரி’. இப்படி உடைக்கும் பழக்கத்தை வீட்டிலேயே கற்றுக்கொடுங்கள். தொடங்கவே முடியாத நாளில் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து தன் வேலையைப் பார்த்தாலே பலருக்குக் கை ஓடும். கல்லூரியில் அதற்கு ஒரு நண்பன் போதும்.

தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்றவற்றைக் கல்லூரியில் பெரும்பாலும் மாணவனே கேட்டுப் பெற வேண்டும். கூடுதல் நேரம் சில இடங்களில் மணிக்கு 15 நிமிடம், சில இடங்களில் 20, வேறு சில இடங்களில் 30. ஏடிஎச்டி போன்றவை இருப்பதை உறுதிசெய்த பழைய மதிப்பீட்டு அறிக்கையை ஏற்பார்களா என்று இடம் கிடைத்ததுமே விசாரியுங்கள், தேர்வு நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம். மின்னஞ்சலை அவனே எழுதட்டும். நாலு வரி போதும்: ‘எனக்கு ஏடிஎச்டி உள்ளது. தேர்வுக்குக் கூடுதல் நேரமும் சத்தமில்லாத அறையும் தேவை. அறிக்கையை இணைத்துள்ளேன். அடுத்து நான் என்ன செய்ய வேண்டும்?’ டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம்) உள்ளவர்கள் பாடத்தை வாசித்துக்காட்டும் மென்பொருளை இப்போதே பழகிவிடுவது நல்லது.

வகுப்புகள் தொடங்குமுன் வளாகத்தில் நடந்து பாருங்கள். கூட்டமும் இரைச்சலும் தாங்காதபோது ஒதுங்க ஓர் இடத்தை அவனே தேர்ந்தெடுக்கட்டும். முதல் பருவத்தில் பாடங்களைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தால் தயங்காமல் குறையுங்கள்.

சேர்ந்த பிறகு, வாரம் ஒரு நாள் குறித்த நேரத்தில் பேசுங்கள். ‘எல்லாம் நல்லா போகுதா?’ என்று கேட்டால் ‘ம்’ என்பான். ‘எதைத் தொடங்க முடியல?’ என்று கேளுங்கள். பதினெட்டு வயதானபின் பல கல்லூரிகள் பெற்றோரிடம் எதையும் சொல்லாது. அதனால் எது நடந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். எங்கள் தாளில் இருப்பவை: இரண்டு நாள் தொடர்ந்து வகுப்புக்குப் போகாதது, மின்னஞ்சலைத் திறக்கவே பயப்படுவது, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லாமல் இருப்பது.