மனம் கனக்கும் நாளில் உங்கள் முகத்தை நீங்களே வரைய

துக்கத்தில் தன்னை வரைய உட்காருபவரின் கை முதலில் தேடுவது கண்ணீர்த் துளியையும் கருமேகத்தையும்தான். இரண்டையும் விட்டுவிடுங்கள். வின்சென்ட் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்ட சில வாரங்களில், 1889 ஜனவரியில், தன்னையே வரைந்தார். காதில் கட்டு, மென்மயிர்த் தொப்பி, பச்சைக் கோட்டு, பின்னால் ஒரு ஜப்பானிய அச்சுப்படம். அழுகை எங்கும் இல்லை. எதிரே தெரிந்தது மட்டும் இருக்கிறது. அறுபட்டது இடக்காது, ஓவியத்தில் கட்டு இருப்பதோ வலக்காதில்: கண்ணாடியைப் பார்த்து வரைந்ததன் அடையாளம்.

தேவையானவை: ஏ4 அளவு கான்வாஸ் போர்டு, தட்டைத் தூரிகை ஒன்று, சிறியது ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி. அக்ரிலிக் வண்ணத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை ஆகிய மூன்று போதும். பழுப்பும் நீலமும் கலந்தாலே ஆழ்ந்த இருட்டு கிடைக்கும், கருப்பு வாங்காதீர்கள்.

1. பழுப்பில் நிறையத் தண்ணீர் விட்டு போர்டு முழுவதும் பூசி உலரவிடுங்கள். வெறும் வெள்ளைப் பரப்பு புதியவரை மிரட்டும்.

2. ஒரு பக்கம் மட்டும் விளக்கு எரியட்டும். கைபேசிப் படம் வேண்டாம். அருகிலிருந்து எடுத்தால் அது மூக்கைப் பெரிதாக்கும். மேலும், படத்தில் உறைந்திருப்பது ஒரே நொடி. கண்ணாடி முன்போ, மாறிக்கொண்டே இருக்கும் முகத்தோடு நீங்கள் உட்கார்ந்தாக வேண்டும். பலன் இருப்பதும் அதில்தான்.

3. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் மேலேயே உச்சந்தலையையும் முகவாயையும் சோப்பால் குறியுங்கள். எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் அந்த அளவு உங்கள் தலையில் சரிபாதியாகத்தான் இருக்கும். அதை போர்டுக்கு மாற்றுங்கள். கண்கள் இரண்டு குறிகளுக்கும் ஏறக்குறைய நடுவில் வரும். புதியவர்கள் அநேகமாக எல்லோரும் மேலே தூக்கிவிடுவார்கள்.

4. கண்களைச் சுருக்கிப் பாருங்கள். மூக்கு, உதடு என்ற பெயர்களை மறந்து, இருட்டுத் திட்டுகளை மட்டும் பெரிய தூரிகையால் வையுங்கள்.

5. இனி வெள்ளை சேர்த்து வெளிச்சங்கள். கடினமான கட்டம் இதுதான். புருவ நடுவின் இறுக்கமோ, வாயோரத்தின் தொய்வோ கண்ணில் படும். அதை மென்மையாக்கிவிடக் கை துடிக்கும். அதற்கு இடம்கொடுக்காதீர்கள். நிழல் எங்கே முடிகிறது, எவ்வளவு அடர்த்தி என்று மட்டும் கேட்டுக்கொண்டே வையுங்கள். அப்படிக் கேட்கும் நேரத்தில், கவலையையே திரும்பத் திரும்ப அரைக்க மனத்துக்கு இடமிருக்காது. தொண்டை அடைத்தால் முகத்தை விட்டுவிட்டு பின்னணியைப் பூசுங்கள், அல்லது எழுந்துவிடுங்கள். தூரிகையைக் கழுவ மறக்க வேண்டாம், அக்ரிலிக் கல்லாகிவிடும். தாங்கவே முடியாத கனம் என்றால் ஓவியத்தை நம்பி இருக்காதீர்கள்: இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

6. ஒப்புமை வரவில்லையே என்று திருத்திக்கொண்டிருக்காமல் நிறுத்துங்கள். பின்புறம் தேதி எழுதி, சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. அடுத்த வாரம் புதிய போர்டு, அதே விளக்கு. பின்லாந்து ஓவியர் ஹெலெனே ஷெர்ஃப்பெக் எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 1944, 45இல், தன் முகத்தை ஏறத்தாழ இருபது முறை வரைந்தார். நான்கைந்து சேர்ந்ததும் உங்களுடையவற்றைத் தேதி வரிசையில் தரையில் பரப்பிப் பாருங்கள்.