நரம்பியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கை எப்படிப் பார்ப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து மாஸ்டர்ஸுக்கோ பிஎச்டிக்கோ மனு போடுகிற பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, இந்த நரம்பியல் பேராசிரியருக்கு எச்-இண்டெக்ஸ் 31 இருக்கு, அவர்கிட்ட போகலாமா?" எச்-இண்டெக்ஸ் என்பது ஒருவரின் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் ஓர் எண். அந்த 31 எந்தத் தளத்தில் எடுத்தது, எத்தனை வருட உழைப்பு, யாரோடு ஒப்பிட்டது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது. நீங்களே பார்க்கலாம், காசு தேவையில்லை. தோட்டத்தில் லைன் சரியாகக் கிடைக்காது, டவுனுக்கு வரும்போது உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் பெயர். நம் ஆட்கள் விஷயத்தில் பாதிக் கணக்கு இங்கேயே தொலைகிறது. அடையாள அட்டையில் 'கண்ணன் ஏ/எல் முனியாண்டி' (ஏ/எல் என்றால் மகன்) என்று ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இதழ் அவரை முனியாண்டி கே. என்று போடும், இன்னொன்று கண்ணன் எம். என்று போடும், மூன்றாவது அந்த ஏ/எல்-ஐயே குடும்பப் பெயரோடு சேர்த்துவிடும். மேற்கோள்களை எண்ணும் தரவுத்தளமான ஸ்கோபஸ் இவர்களை மூன்று பேர் என்று நினைத்து மூன்று பக்கம் திறந்து வைத்தாலும் ஆச்சரியமில்லை, அப்போது மூன்றிலும் எச்-இண்டெக்ஸ் குறைவாகத்தான் தெரியும். அதனால் எல்லா வடிவத்திலும் தேடி, மருத்துவமனை, பல்கலைக்கழகம், கூட எழுதியவர்கள் யார் என்று ஒத்துப் பார்த்துச் சேருங்கள். ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண், 16 இலக்கம், 2012-இல் வந்தது) வைத்திருந்து அதை ஒழுங்காகப் பராமரிப்பவர் என்றால் அங்கிருந்தே தொடங்கலாம். தலைகீழான சிக்கலும் உண்டு. எஸ். குமார் மாதிரிப் பெயரில், கூகுளின் கட்டுரைத் தேடல் தளமான கூகுள் ஸ்காலர் அடுத்தவர் கட்டுரையையும் ஒட்டிவிடும். மூளைக்காய்ச்சல் பட்டியலுக்கு நடுவே ரப்பர் மர நோய் பற்றி ஒன்று உட்கார்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

அப்புறம் தளம். கூகுள் ஸ்காலரில் எண்ணிக்கை பெரும்பாலும் கூடத்தான் இருக்கும், ஏனென்றால் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் வெளியிடும் வரைவு) எல்லாவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. ஸ்கோபஸ் கொஞ்சம் கறார், ஆனால் சந்தா இல்லாமலே ஆசிரியர் பெயரைத் தேடி அடிப்படை எண்களைப் பார்க்கலாம். ஒருவரின் ஸ்காலர் எண்ணை இன்னொருவரின் ஸ்கோபஸ் எண்ணோடு ஒப்பிடவே கூடாது.

எச்-இண்டெக்ஸை இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்தார். கணக்கு எளிது. கட்டுரைகளை மேற்கோள் அதிகம் உள்ளதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். தன் வரிசை எண் அளவுக்காவது மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரையின் வரிசை எண்தான் எச். 40, 22, 9, 5, 4, 1 என்று வந்தால் நான்காவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஐந்தாவதற்கு 4 தான், ஆகவே எச் 4. அந்த 40-ஐ 4,000 ஆக்கினாலும் எச் 4 தான்! வயதானவருக்கு இது தானாகவே கூடும், இளையவருக்கு அநியாயம். ஆகவே முதல் கட்டுரை வந்த வருடத்தையும் பக்கத்தில் குறியுங்கள்.

எனக்குப் பிடித்தது அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச்சின் ஐசைட் தளம். மருத்துவக் கட்டுரைப் பட்டியலான பப்மெட்டில் உள்ள கட்டுரை எண்களை ஒட்டினால் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஆர்சிஆர் என்று ஒரு விகிதம் தரும். அதே துறையில், அதே காலத்தில் என்ஐஎச் நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமட்டம் 1.0, உங்கள் ஆளுக்கு 2.0 என்றால் அதைப்போல் இருமடங்கு. மருத்துவச் சோதனைகளும் வழிகாட்டிகளும் எடுத்தாண்டிருக்கின்றனவா என்றும் தனியாகக் காட்டும், நரம்பியலுக்கு அது முக்கியம். பப்மெட்டில் இல்லாத இதழ் அதில் வராது, உள்ளூர் இதழ்களுக்கு மலேசிய மேற்கோள் தளமான நம் மைசைட்டையும் பாருங்கள்.

எண் கையில் வந்ததும் உள்ளே நுழையுங்கள். உலக நோய்ச்சுமை ஆய்வு மாதிரியான கட்டுரைகளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் இருக்கும், மேற்கோள் மலைபோல் குவியும், அதில் உங்கள் ஆளின் பங்கு என்ன என்று எண் சொல்லாது. அவர் முதல் பெயரா (பெரும்பாலும் முக்கிய வேலையைச் செய்தவர்), கடைசிப் பெயரா (பெரும்பாலும் குழுத் தலைவர்) என்று பாருங்கள். மீள்பார்வைக் கட்டுரைகளும் நோயறிதல் அளவுகோல்களும் பொதுவாக அதிகம் எடுத்தாளப்படும். தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைச் சந்தா உள்ள ஸ்கோபஸில் கழிக்கலாம், கழித்ததும் எண் பாதியாகச் சரிந்தால் யோசிக்க வேண்டியதுதான். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை (அந்த இதழின் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சராசரி மேற்கோள்) ஆளின் மதிப்பென்று எடுக்காதீர்கள்.

வருடவாரி வரைபடத்தையும் விடாதீர்கள். நெகிரி செம்பிலான் பன்றிப் பண்ணைகளில் 1998-99-இல் நிப்பா வைரஸ் பரவியபோது, மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் நோயாளிகளின் அறிகுறிகளைப் பதிவு செய்து 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையை ஸ்காலரில் திறந்து, 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா வந்த பிறகான மேற்கோள்களையும் அதற்கு முந்தையதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்துப் பழகினால் மற்ற வரைபடங்களும் புரியும்.

மனுவில் எழுதும்போது வெறும் 31 என்று போடாதீர்கள். எந்தத் தளம், பார்த்த தேதி, தன்மேற்கோள் கழித்ததா என்று மூன்றையும் கூடவே எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த மாதம் திறந்தால் அதே பக்கத்தில் வேறு எண் இருக்கும்.