பயிற்சிக்குப் பெயர் கொடுக்க முதல் இதைப் படியுங்கள்

எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு கோவை இருக்கிறது. மெழுகுதிரி செய்தல், காளான் வளர்ப்பு, பை தைத்தல், கணினி அடிப்படை என்று ஏழு சான்றிதழ்கள். போர் முடிந்த பிறகு யாழ்ப்பாணத்தில் யார் வந்து பயிற்சி என்று சொன்னாலும் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நான் போனேன், மத்தியானச் சாப்பாடு தந்தார்கள், பஸ் காசு தந்தார்கள், கடைசி நாள் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். வேலை வரவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த ஏழில் ஒன்றுகூட என்.வி.கியூ, அதாவது அரசு ஏற்கும் தேசிய தொழில் தகைமை, இல்லை.

அதனால் என்னைப் போன்ற மாற்றுத்திறனாளிகளுக்கு நான் சொல்லும் முறை தலைகீழ். முதலில் வேலையைப் பாருங்கள், அப்புறம் பயிற்சி. உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய இடங்களில் யார் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு கிழமை சுற்றிப் பாருங்கள், அச்சகம், போன் திருத்தும் கடை, மருந்துக் கடை, கணக்கு எழுதும் இடம், எதுவானாலும் உள்ளே போய் “இந்த வேலைக்கு என்ன படித்திருக்க வேண்டும்?” என்று முதலாளியிடமே கேளுங்கள். வெட்கம் வரும், பரவாயில்லை. பஸ் படி ஏற முடியாமல் நாளும் ஓட்டோ பிடித்தால் சம்பளத்தில் பாதி ஓட்டோவுக்குத்தான், ஆகவே தூரத்தையும் இப்போதே கணக்குப் பாருங்கள்.

சரி, தொழிலை முடிவு செய்துவிட்டீர்கள். இனி பிரதேச செயலகம் (வயதானவர்களுக்கு அது இன்னும் ஏ.ஜி.ஏ ஒபிஸ்தான்). அங்கே இரண்டு பேரைச் சந்திக்க வேண்டும். ஒருவர் சமூக சேவை உத்தியோகத்தர், மாற்றுத்திறனாளியாக உங்கள் பதிவு, உதவிப் பணம், உபகரணம் எல்லாம் அவரிடம். மற்றவர் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர், பயிற்சி நெறிகளும் வேலை வெற்றிடங்களும் அவர் பக்கம். பலர் முதலாமவரோடு திரும்பி வந்துவிடுகிறார்கள். இருவருமே வெளிக்களத்துக்குப் போகிறவர்கள், எந்த நாள் ஒபிஸில் இருப்பார்கள் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஜி.எஸ் (கிராம அலுவலர்) கடிதம், வைத்திய அறிக்கை, ஓ.எல் பெறுபேறு, எல்லாவற்றிலும் ஐந்து கொப்பி. எங்கே விசாரிப்பது என்றே தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம்.

பயிற்சி நிலையத்தில் முதல் கேள்வி: “இது என்.வி.கியூ எத்தனையாம் மட்டம்?” 1 முதல் 7 வரை இருக்கிறது, 7 பட்டத்துக்குச் சமம், கைத்தொழிலுக்கு 3 அல்லது 4 இருந்தால் முதலாளி மதிப்பார். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைற்றா (வேலைத்தளத்தில் தொழில் பழக்கும் அரச நிறுவனம்), தொழில்நுட்பக் கல்லூரி இவற்றின் நெறிகளை முதலில் பாருங்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் பயிற்சி நிலையமும் உண்டு. சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தெற்கே கம்பஹா மாவட்டத்துச் சீதுவ போன்ற இடங்களில் விடுதியோடு நிலையங்கள் நடத்துகிறது, ஆனால் வீட்டை விட்டு அவ்வளவு தூரம் போக முதல் எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

சேருவதற்கு முன் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். வகுப்பு மேல்மாடியிலா, மலசலகூடத்துக்குள் சக்கர நாற்காலி திரும்புமா, இவை விளம்பரத்தில் வராது. நான் சேர்ந்த ஒரு இடத்தில் வகுப்பு இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை, முதல் நாளே இரண்டு பொடியன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மூன்றாம் நாள் நான் போகவில்லை. காது கேளாதவர் என்றால் சைகை மொழி தெரிந்தவர் இருப்பாரா என்று எழுத்தில் கேளுங்கள், காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலையில் விசாரித்தால் யாரைப் பிடிக்கலாம் என்று வழி கிடைக்கலாம். பார்வை இல்லாதவர்களுக்கு கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதைப் பழகிக்கொண்டு கணினி வகுப்புக்குப் போவது புத்தி. பார்வை இல்லாதவர்களுக்கான சுன்னாகம் வாழ்வகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களா? பத்து வருடம் கராஜில் நின்றவர் திரும்ப வகுப்பில் குந்தத் தேவையில்லை. ஆர்.பி.எல் (முன் அனுபவத்தை மதித்தல்) என்று கேளுங்கள். மதிப்பீட்டாளர் உங்களை வேலை செய்யச் சொல்லிப் பார்த்து, அதற்கே என்.வி.கியூ தரும் முறை அது. செய்த வேலைகளின் படங்களும் முதலாளியின் கடிதமும் சேர்த்து வையுங்கள்.

அரச வேலைக்கு 27/88 என்ற பொது நிர்வாகச் சுற்றறிக்கை இருக்கிறது, 1988 இல் வந்தது. அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 மாற்றுத்திறனாளிகளுக்கு. தகைமையில் தள்ளுபடி கிடையாது, உங்கள் இயலாமை அந்த வேலைக்குத் தடையாகவும் இருக்கக்கூடாது. விண்ணப்பத்தில் சுற்றறிக்கை இலக்கத்தை ஒரு வரியில் எழுதுங்கள், ஆனால் அதை நம்பி வேறு வேலை தேடாமல் இருக்காதீர்கள். சுற்றறிக்கை ஒருபக்கம், நடப்பது ஒருபக்கம்.

நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டால் படி ஏற முடியாது என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் வருத்தக் கதை வேண்டாம். “நின்று செய்ய ஏலாது, உயரமான கதிரை ஒன்று இருந்தால் நாள் முழுக்கச் செய்வேன்” என்று தேவையைச் சொல்லுங்கள், முடிந்தால் செய்தும் காட்டுங்கள். நான் இப்போது இருக்கும் போன் கடையில் பழுதான போன் ஒன்றைக் கழற்றிப் பூட்டிக் காட்டித்தான் சேர்ந்தேன்.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதம் கேளுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8, முதலாளி 12, அதோடு ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3. முன்பு ஒரு இடத்தில் “உனக்கு வேலை தந்ததே பெரிசு” என்று இதைக் கட்டாமலே விட்டார்கள், நானும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

சுயதொழில் பற்றிக் கேட்பீர்கள். தையல் மெஷின் தருகிறோம் என்று யாராவது வந்தால், தைக்கத் துணி கொண்டுவந்து தரப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று மெஷின் பழைய சீலையால் மூடிக் கிடக்கிறது.