முதல் மின்சார கார்: ஷோரூமுக்குப் போகும் முன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்

2001-இல் பெங்களூரிலிருந்து ரேவா வந்தபோது சின்ன மின்சார கார் என்பது தெருவில் நின்று வேடிக்கை பார்க்கிற சாமான். டாடா டியாகோ இவி 2022-இல் 8.49 லட்சத்திலும், எம்ஜி காமெட் 2023-இல் 7.98 லட்சத்திலும் அறிமுகமான பிறகு, தவணை போட்டு வாங்குகிறவர்களும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலோர் கலரில் ஆரம்பித்துக் கடைசியில்தான் சார்ஜிங்குக்கு வருகிறார்கள். அந்த வரிசையைத் தலைகீழாக்குவோம்.

படி 1: ஒரு வார ஓட்டத்தைக் குறித்து வையுங்கள்

ஆபீஸ், பள்ளிக்கூடம், மார்க்கெட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? ஓடோமீட்டரைப் பார்த்து எழுதுங்கள், குத்துமதிப்பு வேண்டாம். மாதத்தில் எத்தனை முறை வெளியூர் போகிறீர்கள் என்பதையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குக்கு இந்த எண்கள் தேவை.

படி 2: ப்ளக் பாயிண்ட்

இந்தக் கார்களை வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பாயிண்டிலேயே சார்ஜ் போடலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே மாதிரி பாயிண்டில் ஓடும் கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். கார் இரவு முழுக்க, ஏழெட்டு மணி நேரம், விடாமல் கரண்ட் இழுக்கும். பழைய வீட்டு ஒயரிங் இதற்குத் தாங்காது. எலக்ட்ரீஷியனிடம் இப்படிச் சொல்லுங்கள்: மீட்டரிலிருந்து கார் நிற்கும் இடத்துக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், அதற்கென்று ஒரு எம்சிபி (பளு கூடினால் தானாக அணையும் ஸ்விட்ச்), ஒரு ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்). எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லையென்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். கார்தான் பழுது என்று பலர் சர்வீஸ் சென்டருக்கு அலைவார்கள்.

மழைக்குத் தண்ணீர் நிற்கும் தெரு என்றால் பாயிண்டை இடுப்புக்கு மேல் வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவு என்பதை மின்வாரியத்தில் கேட்டு, போதாவிட்டால் கூட்ட விண்ணப்பியுங்கள்.

அடுக்குமாடி என்றால், உங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங்குக்கு ஒயர் இழுக்கச் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். வாய்ப்பேச்சு நிர்வாகிகள் மாறினால் போய்விடும். வீட்டில் சார்ஜ் போட வழியே இல்லையா? என் கருத்தில், இப்போதைக்குப் பெட்ரோல் காரே நல்லது.

படி 3: இபி பில்

ஷோரூமில் 'கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்' என்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பில் படிப்படியாக ஏறும். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். போதாததற்கு, 500-ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலையும் போய்விடும்.

தினமும் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 2,400. சுவரிலிருந்து இழுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் கிடைத்தால் சுமார் 340 யூனிட். வீட்டில் ஏற்கெனவே 400 ஓடுகிறது என்றால் மொத்தம் 740. பில் ஏறத்தாழ 3,000 ரூபாய் கூடும். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில், லிட்டர் 100 ரூபாய் கணக்கில், 16,000 ஆகும். மிச்சம் கணிசம்தான்.

ஆனால் நாளைக்கு 10, 15 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் கதை மாறும். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார காருக்கு அதே 5 சதவீதம்தான். அதனால் விலை வித்தியாசம் விரிந்துவிட்டது. குறைவாக ஓட்டுகிறவர் அதை ஈடுகட்டப் பல வருஷம் ஆகும்.

படி 4: பேட்டரி அளவு

டியாகோ இவி 19.2, 24 யூனிட் (kWh) கொள்ளளவு என இரண்டு பேட்டரிகளோடு வந்தது. நிறுவனம் சொன்ன ரேஞ்ச், அதாவது ஒருமுறை முழுக்கச் சார்ஜ் போட்டால் ஓடும் தூரம், 250, 315 கிலோமீட்டர். காமெட்டுக்கு 17.3 யூனிட், 230 கிலோமீட்டர். இவை சோதனைக்கூட எண்கள். ஏசி, வெயில், நான்கு பேர், நெடுஞ்சாலை எல்லாம் சேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்கை நம்பலாம், அவ்வளவுதான்.

காமெட்டில் டிசி வேகச் சார்ஜிங் (வழியில் பொது நிலையங்களில் சீக்கிரம் சார்ஜ் ஏற்றும் வசதி) கிடையாது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், இரண்டே கதவு. ஊருக்குள் சந்து பொந்துகளில் ஓட்ட அருமை, திருச்சிக்குப் போக அல்ல. மாதம் ஒருமுறையாவது வெளியூர் போகிறவர் டிசி வசதியுள்ள, பெரிய பேட்டரி வண்டியைப் பாருங்கள்.

பேட்டரிக்கு வாடகை கட்டும் திட்டமும் உண்டு. 2024 செப்டம்பரில் காமெட்டை அப்படி 4.99 லட்சத்துக்கு அறிவித்தார்கள், கூடவே கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். ஓட்டாவிட்டாலும் மாதத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டா என்று கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுங்கள்.

படி 5: டெஸ்ட் டிரைவ்

வீட்டார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, மேம்பாலம் ஏறி இறங்குங்கள். கிளம்பும்போதும் திரும்பும்போதும் பேட்டரி சதவீதத்தைப் படம் எடுத்து வைத்தால் போதும், விற்பனையாளர் சொல்வது தேவையில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி தானாக வேகம் குறைவது முதலில் ஒரு மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் பேட்டரிக்குக் கரண்ட் திரும்பப் போகிறது.

படி 6: காகிதங்கள்

சாலை வரிச் சலுகை இப்போது நடப்பில் உள்ளதா என்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டில் தண்ணீர் புகுந்து பேட்டரி கெட்டால் பணம் வருமா என்று பாருங்கள். பேட்டரி உத்தரவாதம் டியாகோ இவிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று அறிவித்திருந்தார்கள். எந்தக் காரணத்தால் அது ரத்தாகும் என்ற பக்கத்தையும் படியுங்கள்.

படி 7: முதல் சார்ஜ்

முதல் நாள் இரவில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், பகலில் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் ப்ளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடென்றால் எம்சிபியை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள், அப்புறம் மறுபடி போட்டு இதே மாதிரி தொட்டுப் பாருங்கள்.