டெல்லி வீட்டுக்கு ஒரு கண் காலண்டர் போடுவது எப்படி?

டெல்லியில் கண் சிவக்க மாதத்துக்கு ஒரு காரணம் உண்டு. தீபாவளிப் புகைக்கு வாங்கிய சொட்டு மருந்து ஏப்ரல் அரிப்புக்கு உதவாது. வருஷம் முழுக்க உள்ள மாதக் காலண்டர் ஒன்றும் பேனாவும் எடுங்கள்.

படி 1: பருவங்களைக் குறியுங்கள்

மார்ச் முதல் மே வரை மகரந்தம், நடுவில் ஹோலிப் பொடி. மே, ஜூனில் லூ என்ற அனல் காற்றும் புழுதியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மெட்ராஸ் ஐ. 2023 ஜூலையில் யமுனை கரை புரண்டபோது அதுவும் ஊரெல்லாம் பரவியது. அதன்பின் பட்டாசு, வைக்கோல் எரிப்புப் புகை, ஹீட்டர்.

படி 2: கண் சிவந்த அன்றே எழுதுங்கள்

ஒரு கண்ணா, இரண்டுமா? அரிப்பா, எரிச்சலா, வலியா? பீளை தண்ணீராகவா, நூல் நூலாகவா, மஞ்சளாகவா? இது போதும்.

படி 3: எழுதியதைப் படியுங்கள்

ஆண்டுதோறும் வெயில் ஏறும்போது பையன் கண்ணைக் கசக்குகிறான், பீளை நூலாக வருகிறது என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை. மழைக்காலத்தில் ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் அடுத்ததற்குத் தாவி, காலையில் இமை ஒட்டிக்கொண்டால் மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் வைரஸ்தான், ஓரிரு வாரத்தில் தானே அடங்கும். துண்டு, தலையணை உறை தனி. கையை அடிக்கடி கழுவுங்கள். பார்த்தாலே ஒட்டும் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டச் சொல்லும் மாமிகள் கரோல் பாகிலும் உண்டு. கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்குத்தான், தொற்றைத் தடுக்காது. குளிரில் மணல் விழுந்தாற்போல் உறுத்தி, மாலையில் கூடினால் கண் உலர்ந்திருக்கலாம்.

படி 4: பழைய பாட்டிலை வெளியே எடுங்கள்

இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்து அரிப்பைச் சட்டென்று அடக்கும். அதனாலேயே அடுத்த வருஷமும் சீட்டில்லாமல் வாங்கத் தோன்றும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும். அந்த அழுத்தம் கண் நரம்பைக் கெடுப்பதுதான் கிளாக்கோமா; அதில் போன பார்வை திரும்பாது. கண்புரையும் வரலாம். லேபிளில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன் இருக்கிறதா பாருங்கள். "போன தடவை இதுதானே கொடுத்தேன்" என்று மருந்துக்கடைக்காரர் நீட்டினாலும் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். எந்த மருந்தானாலும் திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பொதுவாக ஒரு மாதம்தான் ஆயுள்.

படி 5: காலண்டரைப் பார்க்காமல் ஓட வேண்டிய நேரம்

கடும் வலி, பார்வை மங்கல், வெளிச்சம் தாங்காமை, கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குச் சிவப்பு: அன்றே டாக்டர். பட்டாசு தெறித்தால் கசக்கவோ அழுத்தவோ கூடாது. ஹோலிப் பொடி விழுந்தால் முதலில் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் மையம், குரு நானக் கண் மையம், தரியாகஞ்ச் ஷ்ராஃப் மருத்துவமனை எல்லாம் கண்ணுக்கென்றே உள்ளவை. போகும்போது காலண்டர் பக்கத்தை போனில் படமெடுத்து, போட்ட சொட்டு மருந்துப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.