மழைக்காலத்தில் விழுந்து கை உடைந்தால் மாட்டுக் கொட்டகையை எப்படி ஓட்டுவது?

அக்டோபர் பிறந்துவிட்டால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மத்தியானம் வரை வெயில், சாயங்காலம் இடியோடு மழை. கொட்டகைத் தரை காயவே காயாது. சாணியும் பாசியும் படிந்த சிமெந்தில் கால் வழுக்கினால், யாராக இருந்தாலும் கையைத்தான் ஊன்றுவோம். மாடு வைத்திருப்பவர்களுக்கு மணிக்கட்டு போவது பெரும்பாலும் இப்படித்தான். எனக்கும் ஒரு மழைக்காலத்தில் அதே கதை. தோட்டத்தை ஒட்டி இரண்டு மூன்று கறவை மாடு வைத்திருப்பவர்களையும், புதிதாக மாடு வாங்கியவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எலும்பு ஒட்டும் காலத்தை நம்மால் குறைக்க முடியாது. கொட்டகை வேலையைக் குறைக்க முடியும். அதற்கான வழிதான் கீழே இருப்பது.

முதல் படி: விழுந்த அன்று

எழுந்திருக்க அவசரப்படாதீர்கள். முதலில் மாட்டின் காலடியிலிருந்து நகர்ந்துகொள்ளுங்கள். தலை அடிபட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் 999 அவசர எண்ணுக்குப் போன் போடுங்கள். வயதானவர் விழுந்து, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது இடுப்பு எலும்பாக இருக்கலாம். தூக்கி நிறுத்தாமல் ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள்.

கை என்றால் மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். ஒரு அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ கைக்கு அடியில் வைத்துத் துண்டால் கட்டி, கழுத்தில் தூளி மாதிரி மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் யாரும் கையை உருவிவிடக் கூடாது. எண்ணெய் போட்டு இழுப்பவர்கள் நம் தோட்டங்களில் நிறைய பேர். அவர்கள் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் உடைந்த எலும்பை இழுத்தால் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்து சேதமாகும்.

கட்டைவிரலின் அடிப்பகுதிக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கே இருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். பத்து, பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்கள். மாட்டு மூத்திரத்திலும் வெள்ள நீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். திறந்த புண்ணோடு கொட்டகைக்குள் இறங்காதீர்கள். பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மாடு வைத்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: மாவுக்கட்டோடு வாழ்வது

முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சுக்கு மேலே தலையணையில் வைத்திருங்கள். விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள், தோளையும் சுழற்றுங்கள். விரல் நீலமானால், மரத்துப்போனால், மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. கட்டு நனையக் கூடாது. மணிக்கட்டு முறிவுக்குச் சாதாரணமாக ஆறு வாரம் கட்டு இருக்கும். சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் அப்படியே. இந்த ஆறு வாரம் மோட்டார் ஓட்டுவது கிடையாது. புல்லுக்கட்டை ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் செம்மண் பாதையில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: கறவையைச் சுருக்குவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். மாடு நம் கைக்காகக் காத்திருக்காது. மடியில் பால் தேங்கினால் மடிநோய் வரும், காம்பே போய்விடும். அதனால் ஒவ்வொரு மாடாகப் பாருங்கள்.

ஏழு மாதச் சினை ஆன மாட்டுக்கு எப்படியும் பாலை வற்ற வைக்கும் காலம் வந்திருக்கும். கன்று போட இன்னும் இரண்டு மாதம் இருக்கும், மடிக்கு அந்த ஓய்வு தேவை. தவிட்டையும் புண்ணாக்கையும் நிறுத்தி, புல் மட்டும் கொடுத்து, ஒரு வேளைக் கறவைக்கு வந்து, பால் குறைந்ததும் நிறுத்திவிடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். கால்நடை டாக்டர் காம்பில் போடும் மருந்து கொடுத்தால் போட்டுவிடுவது நல்லது.

கன்று போட்டு நாளான, பால் குறைவாகக் கறக்கும் மாட்டை ஒரு வேளைக் கறவையில் நிறுத்தலாம். கன்று கூடவே இருந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

புதிதாகக் கன்று போட்டு நிறையப் பால் கறக்கும் மாட்டிடம் இந்த வேலை நடக்காது. முப்பது கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் போதும். திடீரென்று முழுப் பாலையும் குடிக்கவிட்டால் கழிச்சல் வந்துவிடும். அந்த மாட்டை இரண்டு வேளையும் கறக்க ஓர் ஆள் வேண்டும்.

நான்காம் படி: ஆளை மாட்டுக்குப் பழக்குவது

பயந்த மாடு பாலை இறக்காது. பால் இறங்குவது மாட்டின் உடம்பில் சுரக்கும் ஒரு ஹார்மோனால். மடியைக் கழுவித் தடவிய ஒரு நிமிடத்தில் அது வேலை செய்யத் தொடங்கி, ஐந்து ஆறு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அச்சம் வந்தால் சுரப்பே அடைபடும். என் மாடு லெட்சுமியிடம் அதை நேரில் பார்த்தேன். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) தம்பி அமர்ந்ததும் வாலை அடித்தாள், வயிற்றை இறுக்கினாள், காம்பிலிருந்து நூல் மாதிரிதான் பால் வந்தது. மறுநாள் அவனை என் பழைய கொட்டகைச் சட்டையைப் போடச் சொன்னேன். தலைமாட்டில் நின்று, நான் எப்போதும் பேசுவதையே பேசினேன். கொஞ்ச நேரத்தில் அசைபோடத் தொடங்கினாள், காம்பு நான்கும் புடைத்தன. அப்புறம் வாளியில் பால் விழும் சத்தமே மாறிவிட்டது.

அதனால் ஆள் புதிதானாலும் வரிசை பழையதாகவே இருக்கட்டும். அதே நேரம், அதே வாளி, வெந்நீரில் நனைத்த துணி, கன்றை முதலில் விடுவது, பிறகு கறவை. முதல் சில பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். திரிந்த கட்டியோ தண்ணீரோ தெரிந்தால் அந்தக் காம்பில் நோய். நீங்கள் தலைப்பக்கம் மட்டுமே நில்லுங்கள். கட்டுப்போட்ட கையோடு பின்னங்காலுக்கு அருகில் போகவே கூடாது.

ஆள் தேடும்போது ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுத் தொழிலாளியின் பெர்மிட் எந்த முதலாளி பெயரில் இருக்கிறதோ அங்கேதான் அவர் வேலை செய்யலாம். முறையான பெர்மிட் இல்லாமல் வைத்தால் ஆளுக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு.

ஐந்தாம் படி: தீவனம்

நானூறு கிலோ மாடு ஒரு நாளைக்கு நாற்பது கிலோ பச்சைப்புல் தின்னும். அவ்வளவையும் வெட்டிச் சுமக்க உங்களால் முடியாது. மழைக்கு முன்பே நேப்பியர் புல்லை நறுக்கித் தொங்கில் (பீப்பாயில்) காற்றுப் புகாமல் அழுத்தி மூடி வைத்தால், மூன்று வாரத்தில் ஊறுகாய்ப் புல் ஆகிவிடும். இல்லையென்றால் விலைக்கு வாங்குங்கள். எதுவானாலும் பழைய தீவனத்தோடு கலந்து ஒரு வாரத்தில் மெல்ல மாற்ற வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்கு நல்லது. செம்மறி ஆடும் வைத்திருந்தால் அதற்கு வாரிப் போடாதீர்கள், அதிலுள்ள செம்பு ஆட்டின் ஈரலைக் கெடுத்துவிடும்.

காசு விஷயம்

சுயதொழில் செய்பவர்களுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) திட்டம் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. கால்நடை வளர்ப்பும் அதில் உண்டு. வேலையில் அடிபட்டு டாக்டர் ஓய்வு எழுதினால் அந்த நாள்களுக்குப் பணம் கிடைக்கும். ஆனால் விழுவதற்கு முன்பே சந்தா கட்டியிருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உங்கள் கை நன்றாக இருந்தால், இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பால் கேட்பவர்களிடமும் இப்போதே எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்லிவிடுங்கள். பால்குடம் எடுப்பவர்கள் வேறு இடம் பார்க்க அவகாசம் வேண்டும்.

கட்டுப் பிரித்த பிறகு

பிரித்த அன்று கை மெலிந்து, விறைத்து இருக்கும். பயப்படாதீர்கள். பிசியோவில் சொல்லிக்கொடுப்பதை வீட்டிலும் தினமும் செய்யுங்கள். கொட்டகையில் முதலில் தீவனம் போடுவது, அப்புறம் கழுவுவது, பிறகு சாதுவான ஒரு மாட்டில் இரண்டு காம்பு மட்டும் கறப்பது. கறப்பது முழுக்க முழுக்கப் பிடிவேலை, பிடி பழையபடி திரும்பச் சில மாதம் ஆகும். புல்லுக்கட்டும் தண்ணீர் வாளியும் கடைசியில்தான்.

அதற்குள் தரையைச் சரிசெய்துவிடுங்கள். வழவழப்பான சிமெந்தில் குறுக்குக் கோடுகள் வெட்டச் சொல்லுங்கள். மாடு நிற்கும் இடத்தில் ரப்பர் பாய் போடுங்கள், மூத்திரம் தேங்காமல் வாய்க்கால் பக்கம் சரிவு இருக்கட்டும். பாசிக்குக் குளோரின் போடுவதானால், முதலில் மூத்திரத்தை நன்றாகக் கழுவித் தள்ளிய பிறகே போடுங்கள். இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். மாடுகளை வெளியே கட்டிவிட்டு, தேய்த்துக் கழுவி, தரை காய்ந்த பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.